ஏ ஷிப்ட் வலி

1981 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை தேதியிட்ட ஒரு பக்கக் குறிப்பாணை என்னிடம் இருக்கிறது. அதன் மூன்றாவது பத்தியை அப்படியே தருகிறேன்: “மேற்படி ஊழியர் தாமே எழுதிக் கொடுத்த நோட்டின்படி, மே 4 முதல் ஆகஸ்ட் 21 வரை அவருக்கு வந்ததாகச் சொல்லப்படும் பதினேழு வயிற்றுவலிகளும் முதல் ஷிப்ட் வாரங்களிலேயே வந்துள்ளன. மற்ற ஷிப்ட் வாரங்களில் ஒன்றுகூட இல்லை. நோய்க்கு ஷிப்ட் தெரியாது.”

நான் நோட்டைக் கொடுத்தது 22ஆம் தேதி சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை காலை இந்தக் காகிதம் தயார். இடையில் இருந்தது ஒரு ஞாயிறு. எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலிக்குக் கால் மாற்றவே ஒன்றரை மாதம் ஆகும். ஒருவனைப் பொய்யன் என்று தீர்மானிக்க மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் இருந்திருக்கிறார்கள்.

குறிப்பாணையின் கடைசிப் பத்தி இன்னும் சுருக்கமானது. என்னை வெளியூர் மருத்துவமனையில் ஒரு வாரம் கண்காணிப்பில் வைப்பார்கள். வலிக்குக் காரணம் கிடைக்காவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை. காரணம் கிடைத்து அது தீராதது என்றால், மைன்ஸ் வேலைக்குத் தகுதியற்றவன் என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தென்கோடியிலிருந்து இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள் ஆன எனக்கும் என் மனைவி கோமதிக்கும் வேறு வீடு எந்த ஊரிலும் கிடையாது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து போகும் ரப்பர் பட்டைகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை. 1979 நவம்பரில் வலது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. நெய்வேலியில் யாரிடம் வயிற்றுவலி என்று சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றே: கேஸ். டீக்கடைக்காரர் கேஸ் என்றார், பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் கேஸ் என்றார், எம்.எஸ்ஸி. படித்த பக்கத்து பிளாக் அதிகாரியும் ஓமத்தை மென்றபடி கேஸ் என்றார். நான் பதினான்கு மாதம் ஓமம், சோடா, பெருங்காயம் என்று தின்று தீர்த்தேன். ஒரு டவுன்ஷிப் முழுவதும் ஒரே நோயால் வாழ்ந்து ஒரே நோயால் சாகிறது என்று நம்பும் இவர்கள்தான் மாலையில் உலக அரசியல் பேசுகிறார்கள்.

1981 ஜனவரியில் வெளியூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே முதல் நாள் மாலை ஆறு மாத்திரைகளை விழுங்கச் சொல்லி, மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த மாத்திரையின் மருந்து பித்தப்பையில் போய்ச் சேர்ந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். கல் இருந்தால் வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது. பித்தப்பை என்பது கல்லீரலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை. கல்லீரல் சுரக்கும் பித்தத்தைச் சேமித்துவைத்து, எண்ணெயும் நெய்யும் சாப்பிடும்போது குடலுக்குள் பிழிந்து விடும். அதில் கல் சேர்ந்தால் பிழியும்போதெல்லாம் வலி. மருந்தில்லை, பையையே எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்கிழமை எடுத்தார்கள். விலாவின் ஓரமாகச் சாய்வாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. மூக்கில் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய். நான்காம் நாள் தலைமை அறுவை மருத்துவர் ஒரு சிறு குப்பியில் என் கற்களைக் கொண்டுவந்து குலுக்கிக் காட்டினார். “பார்த்துக்கோங்க. இனிமே உங்களுக்கு வலின்னு ஒண்ணு இல்ல.”

பின்னாளில் எனக்கு வந்த துன்பமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. வலி இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த வலி அவருடைய கண்ணில் என்னுடைய ஒழுங்கீனம்.

மே 4, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். ஏ ஷிப்ட், அதாவது முதல் ஷிப்ட், காலை ஆறு மணி முதல் இரண்டு வரை. வெட்டுத் தழும்பு பேண்ட் இடுப்பில் உரசும். கோமதி என் மூன்று பேண்டிலும் கொக்கியைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் பழைய வேட்டித் துணியை மடித்துவைத்துத் தைத்து, இடுப்பில் நாடா கோத்துத் தந்திருந்தாள். நான் கேட்டுச் செய்ததல்ல. ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தபோதே அளவெடுத்துக்கொண்டுபோய்ச் செய்திருக்கிறாள். நாடா கட்டிய பேண்டைப் பார்த்து எங்கள் ஃபோர்மன் தணிகாசலம் சிரித்தார். தணிகாசலம் கம்மாபுரம் பக்கத்துக்காரர், குரல் கன்வேயர் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

“என்னா சுப்பையா, பள்ளிக்கூடத்துப் பையன் மாரி நாடா கட்டிகினு வந்துட்ட?”

அன்று காலை எட்டு ஐம்பதுக்கு வலி வந்தது. பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே. உள்ளேயிருந்து ஒருவன் துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஏறி, முதுகு வழியாக வலது தோள்பட்டைக்குப் போய், நின்று, பிறகு மெல்ல இறங்கியது. பத்தேகாலுக்குத்தான் என்னால் நிமிர முடிந்தது. இல்லாத உறுப்பு வலிக்கிறது. கை போனவர்களுக்கு இல்லாத விரல் வலிக்கும் என்று படித்திருக்கிறேன். அது அவர்களுக்காவது வெளியே தெரியும் குறை.

இது தவிர, தழும்பைச் சுற்றி ஒரு மந்தமான நோவு எப்போதும் இருந்தது. அதனோடு வாழக் கற்றுக்கொண்டேன்: இடது பக்கமாகப் படுப்பது, நான்கு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, காடாம்புலியூர் முந்திரியையும் பலாவையும் பார்த்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வது. நோவு ஒரு வாடகைக்காரன், ஒத்துப்போகலாம். முறுக்கிப் பிழியும் அந்த வலி வேறு.

மே 5ஆம் தேதி, முந்தின நாள் வலியையும் சேர்த்து, நோட்டு எழுத ஆரம்பித்தேன். மழை பெய்த நாட்களையும் பேருந்து தாமதமான நாட்களையும் பல ஆண்டுகளாக எழுதி வருபவன் நான். எனக்கு இது புதிதல்ல. கோடு போட்டு ஏழு கட்டங்கள். தேதி, ஷிப்ட், தூக்கம், சாப்பாடு, மலம், வலி தொடங்கிய நேரம், அடங்கிய நேரம். சாப்பாட்டுக் கட்டத்தில் கேன்டீன் வடையின் எண்ணெய் புதிதா பழையதா என்பதுகூட இருக்கும். வலி கேன்டீனால்தான் என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை ஏ ஷிப்ட் வந்தபோது கோமதி விடியுமுன் எழுந்து, எண்ணெய் தொடாத இட்லியும் தொட்டுக்கொள்ள உப்புப் போட்ட மோரும் கட்டிக் கொடுத்தாள். வலி மே 26ஆம் தேதி வந்தது, 28ஆம் தேதியும் வந்தது.

ஷிப்ட் வாரா வாரம் மாறும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏ ஷிப்ட். ஜூன் 15, ஜூலை 6, ஜூலை 27, ஆகஸ்ட் 17 ஆகிய திங்கட்கிழமைகளில் தொடங்கிய வாரங்களில் தவறாமல் வலி. நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. தணிகாசலம் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்.

“ஏ ஷிப்ட் நோவுய்யா அது. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்துகினு வரணும்னா எனக்குந்தான் வவுறு வலிக்குது. நான் நோட்டுல எழுதறனா?”

பேருந்தில் ஏறினால் யாராவது ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நாற்பது ஐம்பது வயது ஆண்கள், பெர்மனென்ட் ஊழியர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள். சுரங்கத்தில் எத்தனை அடி ஆழம் போனாலும் மனிதனுடைய அறிவின் அடித்தளத்தை அவ்வளவு சீக்கிரம் தொட முடியாது என்று அந்தப் பேருந்தில் தெரிந்துகொண்டேன்.

அதே வெளியூர் மருத்துவமனைக்கு மூன்று முறை போனேன். காத்திருக்கும் இடத்தில் சிமென்ட் பெஞ்சு, தகர வில்லையில் எண். எண் 40 என்றால் மதியம் ஒரு மணி. ரத்தப் பரிசோதனை செய்தார்கள், காமாலை இல்லை. சுண்ணாம்புக் குழம்பு போல ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள், குடற்புண் இல்லை. ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி, பித்தம் வரும் குழாயைப் படம் எடுத்தார்கள். கல் எதுவும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு முறையும் அதே தலைமை மருத்துவர் ஒரு பரிசோதனையில் வென்றவர்போல என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு வலி இல்ல சுப்பையா. வலியோட நெனப்பு இருக்கு.”

“நெனப்புக்கு வேர்க்குமா டாக்டர்?”

“நெனப்புக்கு எல்லாம் வரும்.”

இந்த நிலையில்தான் என் நோட்டை அலுவலகத்தில் கொடுத்தேன். எழுதப்பட்ட சான்றைப் பார்த்தால் எவனும் நம்புவான் என்று நினைத்தேன். மனிதர்கள் எழுத்தைப் படிப்பார்கள் என்ற மூடநம்பிக்கை எனக்கு அப்போது இருந்தது. அவர்கள் ஏழு கட்டங்களில் இரண்டாவதை மட்டும் படித்தார்கள்.

குறிப்பாணை வந்த அன்று கோமதியிடம் காட்டினேன். அவள் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தாள்.

“வீட்ட விட்டுப் போகணும்னா போட்டிருக்கு?”

“காரணம் கிடைக்கலன்னா.”

“நீங்க எதுக்கு அந்த நோட்டக் கொண்டுபோய்க் குடுத்தீங்க? எழுதுனத வீட்ல வைக்க மாட்டீங்களா?”

அவள் கேட்டது சரி. பெட்டி அடுக்கினேன்.

ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை அனுமதிக்கப்பட்டேன். ஆண்கள் வார்டில் ஏழாம் கட்டில். கோமதி பக்கத்தில் ஒரு உறவினர் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் கஞ்சியோடு வந்து மாலை வரை இருப்பாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசுவாள். கை வலித்தால் மாற்றிக்கொள்வாளே தவிர நிறுத்தமாட்டாள். நான் வேண்டாம் என்பேன். “எனக்குப் புழுங்குது, எனக்கு வீசிக்கிடுதேன்” என்பாள். காற்று என் பக்கம்தான் வரும்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. வலி வரவில்லை.

வலி வராததற்காக ஒருவன் அழுவான் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். கட்டிலில் படுத்து, வா வா என்று வலியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய் தடவிய ரொட்டி வாங்கிவரச் சொன்னேன். கேன்டீனில் பூரி சாப்பிட்டேன். விலாவுக்குக் கீழே அந்த வாடகைக்கார நோவு மட்டும் சாதுவாக இருந்தது. வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 4, காலை பத்தரைக்குத் தலைமை மருத்துவர் என் அட்டையில் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்: வலிக்கு உடல் சார்ந்த காரணம் எதுவுமில்லை. திங்கட்கிழமை வெளியே அனுப்பலாம்.

“திங்கக்கெழம ஏ ஷிப்ட் இல்ல?” என்று சிரித்துவிட்டுப் போனார். அலுவலகத்துக் காகிதம் அவருக்கும் போயிருக்கிறது.

சனிக்கிழமை வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். நோயாளிகள் படுத்திருக்கும்போதே அடித்தார்கள். சுவரைச் சுரண்டிய சுண்ணாம்புத்தூள் கட்டிலெல்லாம் விழுந்தது. சுத்தம் என்றால் இவர்களுக்குச் சுவர் மட்டும்தான். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சுரங்கத் தூசியில் எனக்கு எப்போதும் வரும் வறட்டு இருமல். இருமும்போது தழும்பு பிய்ந்துவிடும்போல இருக்கும், தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். பணியிலிருந்த இளம் டாக்டர் இருமல் மருந்து எழுதினார். வார்டு நர்ஸ் சிஸ்டர் அன்னம்மாள் பத்தேகாலுக்கு ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர், ஐம்பது வயது இருக்கும், யாரிடமும் சிரிக்கமாட்டார்.

இருமல் அடங்கியது. பத்து ஐம்பதுக்கு வலி வந்தது.

சத்தம் போடவில்லை. போட வெட்கமாக இருந்தது. ஐந்து நாள் கழித்து, அறிக்கை எழுதிய மறுநாள் வலி என்றால் யார் நம்புவார்? சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். கோமதி வேர்வையில் நனைந்த என் சட்டையைத் தொட்டுப்பார்த்துவிட்டு ஓடினாள். சிஸ்டர் அன்னம்மாள் வந்து நாடி பிடித்தார், வயிற்றைத் தொட்டார், வேர்வையை விரலால் வழித்துப் பார்த்தார். பிறகு இளம் டாக்டரைக் கூப்பிட்டுத் தசையைத் தளர்த்தும் ஊசி போடவைத்தார். பன்னிரண்டு மணிக்கு நான் பேசும் நிலைக்கு வந்தேன்.

“நடிக்கிறவங்கள நெறய பாத்திருக்கேன்,” என்றார் சிஸ்டர். “ஆள் வந்தப்புறம்தான் முனகுவாங்க. நீங்க நான் வர்றதுக்குள்ள படுக்கையவே நனச்சிட்டீங்க. என்ன தின்னீங்க?”

“கஞ்சி.”

“அந்த நோட்டு ஒண்ணு வச்சிருப்பீங்களாமே, குடுங்க.”

அலுவலகத்தில் கொடுத்தது நகல். மூலம் என்னிடமே இருந்தது. சிஸ்டர் நின்றபடியே நான்கைந்து பக்கம் புரட்டினார்.

“பேதி ஆனதக்கூட எழுதியிருக்கீங்க. மருந்து எங்க?”

“மருந்தா? நான் மருந்து எதுவும் சாப்பிடல சிஸ்டர்.”

“இருமலுக்கு?”

“இருமலுக்கு... மைன்ஸ்ல கம்பவுண்டர் மாத்திரை குடுப்பார்.”

“எப்ப?”

சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்திவிட்டேன்.

எங்கள் சுரங்கத்து முதலுதவி அறையில் கம்பவுண்டர் ராமலிங்கத்துக்கு ஷிப்ட் மாறாது. எப்போதும் காலை ஆறு முதல் இரண்டு வரை. மற்ற ஷிப்டில் அங்கே ஒரு உதவியாள் மட்டும் இருப்பார், அவரிடம் பஞ்சும் களிம்பும் தவிர வேறில்லை. மாத்திரை அலமாரிச் சாவி ராமலிங்கத்தின் இடுப்பில். ஆகவே நான் இருமல் மாத்திரை விழுங்கியது ஏ ஷிப்டில் மட்டும். வெள்ளை மாத்திரை, கசப்பு, பத்து நிமிடத்தில் இருமல் நிற்கும். நல்ல மனிதர். வலி என்று போய் நின்றாலும் அதே மாத்திரையைத்தான் இன்னொன்று தருவார். “இருமலுக்கும் இதான் சார், வலிக்கும் இதான். எது இருக்குதோ அத அடக்கிடும்.” அப்படி இரண்டு விழுங்கிய நாட்களில் வலி அடங்காமல் மதியம் வரை நீடித்திருக்கிறது. அதற்கு நான் அவருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

வடையின் எண்ணெயை எழுதினேன், மோரின் உப்பை எழுதினேன். மாத்திரையை எழுதவில்லை. மருந்து நோயைத் தீர்ப்பது. அதை ஏன் சந்தேகிக்க வேண்டும்? கேஸ் என்று சொன்ன அத்தனை பேரையும் நான் மனதுக்குள் எவ்வளவு இகழ்ந்தேனோ, அந்த இகழ்ச்சியில் பெரும்பங்கு எனக்கே சேர வேண்டியது என்று அந்த நிமிடத்தில் தெரிந்தது.

இளம் டாக்டர்தான் விளக்கினார். பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயில் ஒரு வளையத் தசை உண்டு. கோடீன் என்ற மருந்து இருமலை அடக்கும், சாதாரண வலியையும் அடக்கும். சிலருக்கு அந்த வளையத்தை இறுக்கிவிடும். பித்தப்பை இருந்தால் தேங்கும் பித்தத்தைப் பை வாங்கிக்கொள்ளும். பை இல்லாதவனுக்குக் குழாயே உப்பி முறுக்கும். அன்று எனக்குக் கொடுத்த புட்டியின் சீட்டில் கோடீன் இருந்தது. சிஸ்டர் மருந்து கொடுத்த நேரம், வலி வந்த நேரம், நாடி, வேர்வை எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வைத்தார்.

திங்கட்கிழமை, செப்டம்பர் 7, காலை ஒன்பது மணிக்குத் தலைமை மருத்துவர் அட்டையைப் பார்த்தார். இளம் டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“புத்தகத்துல எல்லாம் இருக்கும். ஒரு தடவ வந்தது தற்செயலா இருக்கலாம்,” என்றார் தலைமை மருத்துவர். பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு தடவ குடிச்சுக் காட்டுறீங்களா?”

கேலியாகத்தான் கேட்டார். பின்னால் நின்ற மருத்துவ மாணவர்களில் ஒருவன் சிரித்தான். நான் குடிக்கிறேன் என்றேன்.

கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை பேருக்கு நடுவில் அவள் என்னைத் தொட்டது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“வேண்டாங்க. வீடு போனாப் போகுது. எங்கயாச்சும் இருந்துக்கிடலாம்.”

“எங்க?”

மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள்: “ஏன் சார், வலிக்கிதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வலிக்க வச்சுப் பாத்தாத்தான் நம்புவீங்களா? நீங்க படிச்ச படிப்பு இதானா?”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் அன்னம்மாள் மருந்தை அளந்து கொண்டுவந்தார். ஒன்பது ஆறுக்குக் குடித்தேன். சுற்றிநின்ற கூட்டம் ஐந்து நிமிடம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததால் அலுத்துப்போய் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது. எட்டு, ஒன்பது, பத்து என்று கட்டில் கட்டிலாகப் போய், வார்டின் மறுகோடியில் ஒரு குடலிறக்க நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு ஆரம்பித்தது. தெரிந்தே வரவழைத்த வலி, தெரியாமல் வந்ததைவிட மோசம். அடுத்தது எங்கே போகும், எப்போது தோளுக்கு ஏறும் என்று முன்கூட்டியே தெரியும். பித்தமாக வாந்தி வந்தது. கோமதி பேசினில் பிடித்தாள், ஒரு கையில் பேசினும் மறு கையில் என் நெற்றியும். சிஸ்டர் அன்னம்மாள் வார்டின் மறுகோடி வரை போய்த் தலைமை மருத்துவரைக் கூட்டிவந்தார். அவர் என் வயிற்றில் கை வைத்தார். தசை பலகை போல இருந்திருக்க வேண்டும், கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி போடச் சொன்னார்.

“சரி, சரி,” என்றார்.

அந்த இரண்டு சொற்களுக்கு மேல் அவரிடமிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாலையில் ஒரு புதிய அறிக்கை வந்தது. நான்கு வரி. கோடீன் கலந்த மருந்துக்குப் பின் பித்தக்குழாய் வலி நேரில் காணப்பட்டது. ரத்தப் பரிசோதனையிலும் மாறுதல் உள்ளது. அந்த மருந்தைத் தவிர்த்தால் வேலைக்குத் தகுதியானவர். வெள்ளிக்கிழமை எழுதிய பழைய வரியை அவர் அடிக்கவில்லை. ஒரே அட்டையில் இரண்டும் இருந்தன, என் வலிக்குக் காரணமும் இல்லை, காரணமும் உண்டு.

செப்டம்பர் 10, வியாழக்கிழமை ஊர் திரும்பினோம். மறுநாளே அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் கொடுத்தேன். மருத்துவர் சொன்னது மருத்துவமனையில் தந்த மருந்தைப் பற்றி மட்டும். சுரங்கத்தில் வந்த பதினேழு வலிகளைப் பற்றி அவருடைய அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே என் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் இந்த வாக்கியத்தை எழுதினேன்: “முதலுதவி அறையில் எனக்குத் தரப்பட்ட வெள்ளை மாத்திரையும் இதே கோடீன் வகையைச் சேர்ந்ததே.”

செப்டம்பர் 28 தேதியிட்ட பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்படுகிறது, நடவடிக்கை கைவிடப்படுகிறது. வீடு தப்பியது. தணிகாசலம் கை குலுக்கினார்.

“அப்ப ஏ ஷிப்ட் நோவு இல்ல, ராமலிங்கம் நோவுன்னு சொல்லு!”

பேருந்தில் முனகல் நிற்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. பழக்கத்தை விட இவர்களுக்கு அவ்வளவு நாள் வேண்டும். அதற்குப் பிறகு இருமலுக்கு வெந்நீரும் கற்கண்டும்தான். ஏ ஷிப்ட் ஆகட்டும், எந்த ஷிப்ட் ஆகட்டும், அந்த முறுக்கு வலி திரும்பவில்லை. தழும்பின் நோவு இருக்கிறது. அது இருக்கும் என்றே நினைக்கிறேன். பித்தப்பை எடுத்தவர்கள் இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்வேன். எதை விழுங்கினாலும் பெயரைக் கேளுங்கள். கொடுப்பவர் நல்லவர் என்பது பெயராகாது.

இதை எழுதும் 1983 மார்ச் 12ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, வேறு ஒரு காகிதத்துக்காக முதலுதவி அறைக்குப் போனேன். ராமலிங்கம் அங்கேயேதான் இருக்கிறார்.

“அப்ப எனக்குக் குடுத்தீங்களே, அந்த வெள்ளை மாத்திரைக்குப் பேர் என்ன?”

“இருமல் மாத்திர சார்.”

“பேர்?”

“பெரிய டப்பால வரும் சார். சீட்டு எண்ணெ பட்டுப் பூட்ச்சி. அந்த டப்பா தீர்ந்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது, இப்ப வர்றது மஞ்சளு. ஏன் சார், உங்களுக்குத்தான் பேரு தெரியுமே? லெட்டர்ல எழுதிகினு குடுத்தீங்கன்னு சொன்னாங்களே.”

அவரிடம் இருந்த இருப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். 1981 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எல்லா வரியிலும் ‘இருமல் மாத்திரை’ என்று மட்டும் இருக்கிறது. நான் கடிதம் எழுதிய அன்று அந்த டப்பா அலமாரியில் இருந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்திலிருந்து முதலுதவி அறைக்கு மூன்று நிமிட நடை. நான் போகவில்லை. அலுவலகத்தில் அந்த வாக்கியத்தைப் படித்தவர்களும் போகவில்லை.

ராமலிங்கம் எனக்குத் தந்த மாத்திரையில் கோடீன் இருந்ததா என்பது இந்தத் தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.